குப்பிக்குள் ஒன்றும் இல்லை

எம்.எஸ்ஸி. முடித்த முதல் வருஷத்தில் ஒருவனுக்கு இருக்கும் தன்னம்பிக்கை, அதற்குப் பிறகு ஆயுளில் ஒருநாளும் திரும்ப வருவதில்லை. தெரிந்ததையெல்லாம் பரீட்சையில் எழுதியாகிவிட்டது, தெரியாதது எதுவும் பாடத்திட்டத்தில் இல்லை என்ற நிம்மதியில் திரிகிற பருவம் அது. எனக்கு அந்த நிம்மதி சுண்டுவிரல் நுனியளவு இருந்த ஒரு கண்ணாடிக் குப்பியால் ஒரே பகலில் போயிற்று.

தொண்ணூறுகளின் கடைசி. திருவனந்தபுரத்தில் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சிக் கூடத்தில் ஜூனியர் ஃபெலோவாகச் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. (அப்பா அதை 'சயன்டிஸ்ட்' என்று திருத்தி வலியசாலைத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். நான் செய்துகொண்டிருந்தது கண்ணாடிச் சாமான்கள் கழுவுவதும், கழுவியவற்றின்மேல் பெயர் எழுதி ஒட்டுவதும்.) எங்கள் தலைவி ஏலியாம்மா மேடம். கோட்டயத்துக்காரர். மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் குரல் உயரும். மேடத்துக்குக் குரல் இறங்கும். எவ்வளவுக்கெவ்வளவு மெதுவாகப் பேசுகிறாரோ அவ்வளவுக்கவ்வளவு நாம் தொலைந்தோம் என்று அர்த்தம்.

வெற்றிலையோடு புகையிலை போட்டு வாயில் புற்று வந்தவர்களிடமிருந்து எடுத்த செல்களைக் கண்ணாடித் தட்டுகளில் வளர்த்துக்கொண்டிருந்தோம். அந்தச் செல்களை ஒரு குறிப்பிட்ட புரதம் சாகடிக்குமா என்பது மேடத்தின் கேள்வி. அந்தப் புரதம் நம் ரத்தத்தின் வெள்ளை அணுக்களே சுரப்பதுதான். ஆனால் ஆராய்ச்சிக்கு வேண்டிய அளவுக்கு மனிதர்களிடமிருந்து எடுப்பது நடக்கிற காரியமில்லை. அதனால் அதற்குரிய மனித ஜீனை எடுத்து பாக்டீரியாவுக்குள் புகுத்தி, பாக்டீரியாவை வேலை வாங்கி, வந்ததைச் சுத்தம் செய்து விற்பார்கள். ரீகாம்பினன்ட் ஹியூமன் டி.என்.எஃப். என்று பெயர். வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்துதான் வர வேண்டும். மாதக்கணக்காகக் காத்திருந்தோம்.

இதற்கு நடுவில் டெல்லியிலிருந்து ஒரு கமிட்டி வருவதாகத் தகவல். அவர்கள் வந்து பார்த்து, இந்த ஆராய்ச்சியைத் தொடரலாமா, மூடிவிடலாமா என்று முடிவு செய்வார்கள். மூடினால் மேடத்துக்கு வேறு வேலை இருந்தது. எங்களுக்கு இல்லை.

கமிட்டிக்கு முந்தின வாரம் விமான நிலையத்திலிருந்து போன் வந்தது. பார்சல் வந்துவிட்டது. வழக்கமாகப் பார்சல் எடுத்து வரும் ஸ்டோர்ஸ்காரர் சதாசிவன் சேட்டன் மகள் கல்யாணத்துக்காக லீவில் இருந்தார். "நான் போறேன் மேடம்" என்று கையைத் தூக்கினேன்.

மேடம் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மலையாளத்தில் சொன்னார்: "பார்சலை வாங்கு. திறக்காதே. நேராக இங்கே வா."

இதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் இருக்க முடியாது. மூன்றில் முதலாவதை மட்டும் நான் சரியாகச் செய்தேன்.

அப்பாவும் கூட வந்தார். அரசாங்க ஆபீசில் சூப்பரின்டென்டாக இருந்து ரிடையர் ஆனவர். எந்த ஆபீசிலிருந்தும் ஒரு காகிதம் வெளியே வரவேண்டுமென்றால் தான் பக்கத்தில் நின்றாக வேண்டும் என்பது அவருடைய நம்பிக்கை. "நீ போய் இங்கிலீஷ்ல பேசிண்டு நிப்பே. அவா நாளைக்கு வான்னுடுவா. நான் வரேன்" என்று ஸ்கூட்டரை எடுத்துவிட்டார்.

சரக்குப் பகுதியில் முதல் மேஜையில் இருந்த குமாஸ்தா எங்கள் காகிதத்தை வாங்கிப் படித்தார். 'ஹியூமன்' என்ற வார்த்தையில் அவர் விரல் நின்றது. முகம் சட்டென்று கனிந்தது. எழுந்து, எங்களை உள்ளே அழைத்துப் போய், பெஞ்சில் உட்காரச் சொல்லி, குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். அரசாங்க ஆபீசில் இப்படியொரு உபசாரமா என்று அப்பாவே அசந்துபோனார்.

குமாஸ்தா பேனாவைத் திறந்து மெல்லக் கேட்டார். "ஆளின்றெ பேரு?"

"மணிகண்டன்" என்றேன்.

எழுதிக்கொண்டார். "வயசு?"

சொன்னேன். "ச்சே, சின்ன வயசு" என்று தலையை ஆட்டினார். பிறகு இன்னும் மெதுவாக, "எப்போழா மரிச்சது?" என்றார்.

அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். வளைகுடா நாடுகளில் இறந்துபோனவர்களின் உடல்கள் வந்து இறங்கும்போது காகிதம் பார்க்கும் மேஜை அது. அப்பா செருமிக்கொண்டு, "இவன்தான் மணிகண்டன். இவன் இன்னும் சாகலை. பிஎச்.டி.க்குத்தான் சேர்ந்திருக்கான்" என்றார்.

குமாஸ்தா பதறிப்போய் எங்களைச் சுங்க அதிகாரியிடம் கொண்டு விட்டார். அதிகாரி விஜயன் சார் நல்ல மனிதர். தூத்துக்குடியில் சில வருஷம் வேலை பார்த்ததில் தமிழ் நன்றாக வரும்.

"தம்பி, மனுஷ புரதம்னு போட்டிருக்கே. எந்த மனுஷனோடது?"

"மனுஷனோடது இல்லை சார். பாக்டீரியா பண்ணினது."

"அப்புறம் ஏன் மனுஷன்னு போட்டிருக்கு?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் பிறந்ததிலிருந்து காத்திருந்தேன் போலிருக்கிறது. ஜீன் என்றால் என்ன என்பதில் ஆரம்பித்தேன். விஜயன் சார் பொறுமையாகக் கேட்டார். பக்கத்து மேஜைக்காரர்களும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்கள். அப்பா, 'என் பையன்' என்கிற மாதிரி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும் விஜயன் சார், "விளங்குச்சு தம்பி. ஒருதடவை கண்ணால பார்த்துட்டா கையெழுத்துப் போட்டுடுவேன். பெட்டியைத் திறந்தா போதும், உள்ளே இருக்கறதைத் திறக்கணும்னு இல்லை" என்றார்.

திறக்காதே என்று மேடம் சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் ஒரு அதிகாரி, மூன்று குமாஸ்தாக்கள், ஒரு அப்பா ஆகியோர் முன்னிலையில் ஒரு விஞ்ஞானி எப்படிப் பின்வாங்குவான்? தெர்மாகோல் பெட்டியின் மூடியை எடுத்தேன்.

உள்ளே இருந்த உலர்பனியிலிருந்து வெள்ளைப் புகை குபுகுபுவென்று மேஜை மேல் வழிந்தது. அப்பா பின்னால் நகர்ந்ததோடு என்னையும் சட்டையைப் பிடித்து இழுத்தார். புகை அடங்கியதும் உள்ளே ஒரு அட்டைப்பெட்டி. அதற்குள் ஒரு பிளாஸ்டிக் குழாய். அதற்குள் பஞ்சு. பஞ்சுக்குள் அந்தக் குப்பி.

விஜயன் சார் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அப்புறம் அப்பாவிடம் கொடுத்தார். அப்பா கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார், என்னிடம் கொடுத்தார்.

"டேய் மணி, இதுல ஒண்ணுமே இல்லியேடா."

இல்லைதான். பொடி இல்லை, சொட்டு இல்லை, ஒரு கறைகூட இல்லை. சற்று முன்வரை அரைமணி நேரம் வகுப்பெடுத்த எனக்கு வேர்த்துவிட்டது. ஏதாவது கண்ணில் பட்டால் போதும் என்று மூடியைத் திருகித் திறந்தேன். (பெட்டியைத் திறந்தால் போதும் என்று அந்த மனிதர் சொல்லியிருந்தார். இருந்தும் திறந்தேன்.) ஒரு வெள்ளைக் காகிதத்தின் மேல் குப்பியைக் கவிழ்த்து அடியில் தட்டினேன். காகிதம் வெள்ளையாகவே இருந்தது. அப்பா குப்பியை வாங்கி மோந்து பார்த்து, "வாசனையும் இல்லை" என்று தீர்ப்பு சொன்னார்.

"ஏமாத்திட்டான்" என்றார் விஜயன் சார், உண்மையான வருத்தத்தோடு. "தம்பி, இங்கே நாங்க எடுத்துட்டோம்னு மட்டும் சொல்லிடாதீங்க." கட்சிக்காரர் முன்னிலையில் திறந்து பார்த்ததில் குப்பி காலியாக இருந்தது என்று ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தார். சாட்சியாக அப்பா கையெழுத்துப் போட்டு, கீழே தன் பழைய பதவியையும் எழுதி, பக்கத்தில் 'ஓய்வு' என்று சேர்த்தார்.

வெளியே வந்தபோது எனக்கு ஒரே ஆவேசம். ஒரு சர்வதேச மோசடியைச் சங்குமுகம் கடற்காற்று வீசும் இடத்தில் வைத்துக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன். மேடம் என்னைப் பற்றி என்ன நினைப்பார், கமிட்டி என்ன நினைக்கும் என்றெல்லாம் மனம் பறந்தது. சாலையோரம் ஒரு போன் பூத்தில் ஃபேக்ஸ் இயந்திரம் இருந்தது. பெட்டியிலிருந்த சீட்டில் கம்பெனியின் ஃபேக்ஸ் எண்ணும் இருந்தது. வேறென்ன வேண்டும்? நின்றபடியே ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். 'தாங்கள் அன்புடன் அனுப்பிய காற்று பத்திரமாக வந்து சேர்ந்தது. காற்று எங்கள் ஊரிலேயே தாராளமாகக் கிடைக்கிறது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று தொடங்கும். கடைசியில் இந்தியா விழித்துக்கொண்டுவிட்டது என்ற பொருளில் ஒரு வரி வரும். அது அப்பா சொல்லிச் சேர்த்தது. ஆய்வுக்கூடத்தின் பெயரைப் போட்டு, அடியில் என் கையெழுத்தையும் போட்டு அனுப்பிவிட்டேன்.

புகைவிடும் பெட்டியைப் பார்த்த பக்கத்து சர்பத் கடைக்காரர், "அது வேண்டங்கில் இவிடெ வச்சோளூ" என்றார், வேண்டாமென்றால் இங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லி. எங்களுக்கு எதற்கு? கொடுத்துவிட்டோம். குப்பியை மட்டும் அப்பா, "இது தொண்டி, சாட்சிப் பொருள். கோர்ட்டுல கேப்பான்" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் சாப்பாட்டு நேரம். காலிக் குப்பிக்கு என்ன அவசரம் என்று அப்பா கேட்டார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சட்டையைக் கழற்றும்போது குப்பியை எடுத்துச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார். நான் கூடத்திலிருந்த போனில் மேடத்தை அழைத்தேன். நல்ல செய்தியை முதலில் சொல்ல வேண்டுமல்லவா?

"மேடம், ஒரு பெரிய மோசடி. குப்பி காலி. நான் கண்டுபிடிச்சிட்டேன்."

"திறந்தாயா?" என்றார் மேடம். குரல் சற்று இறங்கியிருந்தது. நான் கவனிக்கவில்லை.

"திறந்தது மட்டுமில்லை மேடம். கவிழ்த்துத் தட்டிக்கூடப் பார்த்துட்டேன். சுங்க அதிகாரியே எழுதிக் கொடுத்திருக்கார். கம்பெனிக்கு ஃபேக்ஸும் அனுப்பியாச்சு."

மறுமுனையிலிருந்து, காதை ஒட்டி வைத்தால் மட்டும் கேட்கும்படியான குரலில், "மணிகண்டா, நாம் ஆர்டர் செய்தது பத்து மைக்ரோகிராம். அது எவ்வளவு?"

"ஒரு கிராமில் லட்சத்தில் ஒரு பங்கு மேடம்." பரீட்சையில் எப்போதும் இதற்கு முழு மார்க் வாங்குவேன்.

"லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு பொடி உப்புத் துகளைவிடக் குறைவு. அதை உறையவைத்து உலர்த்தி, கண்ணாடியில் ஒரு படலமாக ஒட்டவைத்து அனுப்புவார்கள். அது யார் கண்ணுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. கமிட்டிக்கும் தெரியாது." குரல் இன்னும் இறங்கியது. "அந்தக் குப்பி இப்போது எங்கே?"

திரும்பிப் பார்த்தேன். மேஜைமேல் அப்பாவின் மூக்குக்கண்ணாடி இருந்தது. குப்பி இல்லை.

"அம்மா," என்று கூப்பிட்டேன். என் குரலும் மேடத்தின் குரல் போலவே ஆகியிருந்தது. "மேஜைமேல இருந்த குட்டிக் குப்பி எங்கே?"

அடுக்களையிலிருந்து அம்மா நிதானமாகப் பதில் சொன்னாள். "அதுவா? வெறுமனே இருக்குன்னு அப்பா சொன்னா. என்ன அழகான கண்ணாடி, குங்குமப்பூ போட்டு வச்சுக்கலாம்னு எடுத்தேன். ஏரோப்ளேன்ல யார் யார் கையெல்லாம் பட்டு வந்ததோ. அதான் கொதிச்சு ஆறின ஜீரக வெள்ளத்தை விட்டு நன்னாக் குலுக்கி வச்சிருக்கேன். செத்த ஊறட்டும். அப்பறம் கொட்டிட்டுக் கழுவிக்கறேன்."

ஜீரக வெள்ளம் என்றால் சீரகம் போட்டுக் காய்ச்சிய குடிதண்ணீர். எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் ஒரு பாத்திரம் நிறைய எப்போதும் இருக்கும்.

"கொட்டிட்டியா?"

"இன்னும் இல்லை. ஏன், நோக்குத் தாகமா இருக்கா?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். புளி டப்பாவுக்குப் பக்கத்தில், மூடி போட்டு, இளமஞ்சள் நிறத்தில் கழுத்துவரை நிறைந்து உட்கார்ந்திருந்தது எங்கள் எல்லோருடைய எதிர்காலமும். திரும்ப வந்து போனை எடுத்து நடந்ததைச் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். போயிருந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"யாரும் அதைத் தொட வேண்டாம்," என்றார் கடைசியில். "மூடியை இறுக்கி, ஐஸில் வைத்துக் கொண்டு வா. அதே பாத்திரத்திலிருந்து வெறும் ஜீரக வெள்ளமும் தனியாகக் கொண்டு வா."

"அது எதுக்கு மேடம்?"

"கண்ட்ரோல்" என்று போனை வைத்துவிட்டார்.

செல்கள் செத்தால், கொன்றது புரதமா, ஜீரகமா என்று தெரியவேண்டும் அல்லவா? அதற்காக வெறும் ஜீரக வெள்ளத்தையும் வேறு செல்களில் விட்டு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு ஸ்பூன் அளவு போதும். ஆனால் பெரிய ஆராய்ச்சிக்காரி ஒருத்தி தன் ஜீரக வெள்ளத்தைக் கேட்டு அனுப்பியிருக்கிறாள் என்பதை மட்டும் அம்மா புரிந்துகொண்டாள். பெரிய பிளாஸ்க்கைக் கழுவி நிரப்பினாள். "பாவம், கொதிக்கற வெயில்ல எத்தனை பேர் வேலை செய்யறாளோ" என்று கூடவே ஒரு டப்பாவில் முறுக்கும் வைத்தாள். குப்பியை டிஃபன் கேரியரின் அடித்தட்டில் ஐஸ்கட்டிகளுக்கு நடுவில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டேன். அப்பா ஸ்கூட்டரை அவருடைய வழக்கமான வேகத்தில் ஓட்டினார். கிழக்கேக்கோட்டை தாண்டுவதற்குள் சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். வேகமாகப் போகச் சொன்னதற்கு, "குலுங்கப்படாது. உங்கம்மா ஏற்கெனவே குலுக்கியாச்சு" என்றார். அந்த நாளில் அவர் சொன்ன ஒரே சரியான விஞ்ஞானம் அதுதான்.

ஆய்வுக்கூட வாசலில் எல்லாரும் நின்றிருந்தார்கள். மேடம் டிஃபன் கேரியரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். குப்பியிலிருந்ததை நுண்ணிய வடிகட்டியில் வடித்து, பல மடங்கு நீர்க்கச் செய்து, ஒரு தட்டுச் செல்களில் விட்டார். இன்னொரு தட்டில் அம்மாவின் ஜீரக வெள்ளம் அதே அளவு. மூன்றாவதில் ஒன்றும் இல்லை. மூன்றையும் இன்குபேட்டரில் வைத்துக் கதவைச் சாத்தினார். "நாளைக்குப் பார்க்கலாம்" என்றார். எனக்கே கேட்காத அளவுக்கு மெதுவாக.

மறுநாள் காலை நான் குளித்துவிட்டு வரும்போது, அப்பா பேங்க் பரீட்சை விளம்பரம் ஒன்றை வட்டம் போட்டு, என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

மைக்ராஸ்கோப்பில் முதலில் மேடம் பார்த்தார். அதிலிருந்து கண்ணை எடுக்காமல் தட்டுகளை மாற்றி மாற்றி வைத்தார். பிறகு நகர்ந்து, "நீயே பார்" என்றார்.

ஜீரக வெள்ளத் தட்டில் செல்கள் கால் நீட்டிக்கொண்டு, ஒன்றோடொன்று ஒட்டி, கொழுகொழுவென்று இருந்தன. ஒன்றும் விடாத தட்டிலும் அப்படியே. புரதம் விட்ட தட்டில் அவை சுருங்கிப்போய், மேலெல்லாம் குமிழ் குமிழாகக் கிளம்பி, பிடிமானம் விட்டு மிதந்துகொண்டிருந்தன. ஒரு புற்றுச் செல் சாவதை நான் முதல் தடவையாகப் பார்த்தது அப்போதுதான். நடந்த கூத்தெல்லாம் ஒரு நிமிஷம் மறந்துபோயிற்று. கண்ணுக்கே தெரியாத ஒன்று, கவிழ்த்துத் தட்டி, மோந்து பார்த்து, பாக்கெட்டில் போட்டு, அடுக்களையில் குலுக்கிய பிறகும் தன் வேலையைச் செய்திருக்கிறது. கண் கலங்கி, லென்ஸில் ஒன்றும் தெரியவில்லை.

பின்னால் ஏதோ சத்தம். திரும்பினேன். ஏலியாம்மா மேடம் சிரித்துக்கொண்டிருந்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க, நல்ல உரத்த குரலில். அதைக் கேட்டு அடுத்த அறையிலிருந்தவர்களெல்லாம் ஓடிவந்தார்கள். முறுக்கு டப்பா அப்போதுதான் திறக்கப்பட்டது.

கமிட்டி வந்தபோது மேடம் எதையும் மறைக்கவில்லை. இது முறையான முடிவு இல்லை, வெறும் வெள்ளோட்டம், புதுக் குப்பி வந்ததும் ஒழுங்காகச் செய்வோம் என்று சொல்லிவிட்டு, நடந்ததை முழுக்கச் சொன்னார். என்னை எழுந்து நிற்க வேறு சொன்னார். கமிட்டித் தலைவர் கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே மூன்று தட்டுகளையும் பார்த்தார். "செல்கள் சாகின்றன, அதில் சந்தேகமில்லை. அந்த அம்மாவின் தண்ணீரும் மிகச் சுத்தம்" என்றார். ஆராய்ச்சி தொடர்ந்தது. நானும் தொடர்ந்தேன். "அடுத்த பார்சலுக்கு உன் அம்மாவை அனுப்பு" என்பதோடு மேடம் என்னை விட்டுவிட்டார்.

கம்பெனியிலிருந்தும் பதில் ஃபேக்ஸ் வந்தது. இவ்வளவு மரியாதையான கடிதத்தை நான் அதற்குமுன் படித்ததில்லை. 'தங்கள் ஏமாற்றத்துக்கு வருந்துகிறோம். பொருள் உள்ளேதான் இருக்கிறது. தயவுசெய்து தண்ணீர் சேர்க்கவும்' என்று முடிந்தது. மேடம் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டவைத்து, நான் பிஎச்.டி. வாங்கும்வரை எடுக்க விடவில்லை. அடுத்து வந்த பெட்டியில் ஒரு சீட்டு இருந்தது: 'குப்பி காலியாகத் தோன்றலாம். புரதம் உள்ளே உள்ளது.' அது எப்போதும் இருக்கிற சீட்டுதான், நீ படித்திருக்க மாட்டாய் என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். அப்பா ஒப்புக்கொள்ளவே இல்லை. எங்கள் ஃபேக்ஸைப் பார்த்துத்தான் கம்பெனிக்காரன் அதை அச்சடித்தான் என்று இன்றைக்கும் கல்யாண வீடுகளில் பந்தியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அம்மாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வார்த்தைதான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஜீரக வெள்ளத்துக்குப் பெயர் கண்ட்ரோல். கல்யாணமாகி வந்த என் மனைவி முதல் வாரம் கொஞ்சம் குழம்பினாள். இப்போது அவளும் அப்படித்தான் சொல்கிறாள். குழந்தைகளுக்கு வேறு பெயரே தெரியாது. போன மாதம் தெருக்கோடி வீட்டு ராமநாதன் மாமா வெயிலில் நடந்து வந்து நாற்காலியில் சாய்ந்தார். சர்க்கரை வியாதிக்காரர். அம்மா கையில் டம்ளரோடு போய், "களைச்சுப் போயிருக்கேளே. கொஞ்சம் கண்ட்ரோல் எடுத்துக்கறேளா?" என்று கேட்டாள்.

மாமா பெருமூச்சு விட்டார். "நானும் எத்தனையோ மருந்து சாப்பிட்டுப் பார்த்துட்டேன் மாமி. அதுதான் வரவே மாட்டேங்கறது."